ஆற்றுப் பக்கம் குழாயைத் திருப்பியவர்

மேலப்பாளையத்திலிருந்து அனஸ் கூப்பிட்டபோது நான் பாளையங்கோட்டை மார்க்கெட் நிறுத்தத்தில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். காலை நேரத்தில் அந்தப் பையன் கூப்பிட்டால் அவனுடைய வாப்பா காசிம் சார் கண்ணாடியை எங்கள் கல்லூரித் துறையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று பொருள். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் துறைக்கு வந்து, தினமும் எதையாவது மறந்துவிட்டுப் போகிறவர். அதனால் எடுத்த எடுப்பிலேயே, "கண்ணாடி என் மேசை மேலதாண்டா இருக்கு" என்றேன். அவன், "இல்ல டீச்சர். வாப்பா மவுத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டு வந்து படுத்தாங்க, எந்திரிக்கல" என்றான். பேருந்து வந்தது, நின்றது, போய்விட்டது. நான் ஏறவில்லை.

பேராசிரியர் காசிமிடம் படித்தவர்களும் அவரோடு ஊர் ஊராகச் சுற்றியவர்களும் ஆளுக்கொரு கதை வைத்திருப்பீர்கள். வகுப்பில் நுழைந்ததும் மேசையை விரலால் தட்டி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவார். கல்லூரி விழாவில் ஒலிபெருக்கி ஊளையிட்டால் மேடையில் யார் இருந்தாலும் சரி, இவர் எழுந்து போய் எதையோ திருகிவிட்டு வருவார். புதிதாக வந்த முதல்வர் ஒருவர் இவரை மைக் செட்காரர் என்றே நினைத்து, "தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுப்பா" என்றார். காசிம் சார் பணிவாகக் கூட்டிவைத்தார். பிறகு தலைமையுரைக்குத் தன் பெயரை அழைத்ததும் மேடையேறி அதே மைக்கில் பேசினார். முதல்வர் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் எடுத்துவிட்டது.

முதல்வரைச் சொல்லியும் குற்றமில்லை. காசிம் சார் மைக் செட்காரராக இருந்து பேராசிரியர் ஆனவர்தான். எப்படி என்று கேட்டால் ஒரே வரியில் முடித்துவிடுவார்: "ஒரு குழாயத் தப்பாத் திருப்புனேன் டீச்சர். அது என்னைய இங்கன கொண்டாந்து விட்டுட்டு." எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. ஒரே அறையில் உட்கார்ந்திருந்த அத்தனை ஆண்டுகளிலும் துருவித் துருவிக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக முழுக்கதையையும் வாங்கினேன்.

அவருடைய வாப்பா மேலப்பாளையத்தில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், கட்சிக் கூட்டம், கோயில் கொடை, எங்கள் திருச்சபையின் அசனப் பண்டிகை விருந்து எல்லாவற்றுக்கும் அவர்கள் வீட்டுக் குழாய் ஒலிபெருக்கிதான். காசிம் சார் இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு, சவூதிக்குப் போக விசாவை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். அது வரும்வரை வாப்பாவுக்கு ஒத்தாசையாகக் குழாய் கட்டப் போனார். வில்லுப்பாட்டு என்றால் அந்தக் காலத்தில் அவருக்கு, உட்கார்ந்தே தூங்க ஒரு நல்ல சந்தர்ப்பம். அதைப் படிக்க ஒரு படிப்பு இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் கேலி செய்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்.

சீவலப்பேரிக்குக் கிழக்கே தாமிரபரணியின் இரு கரையிலும் எதிரெதிராக இரண்டு ஊர்கள் உண்டு. ஊர்ப் பெயர்களை அவர் எங்கும் எழுதியதில்லை, நானும் எழுதவில்லை. தென்கரையில் ஓர் அம்மனுக்குக் கோடைக் காலத்தில் கொடை கொடுத்துத் திருவிழா எடுப்பார்கள். அந்த அம்மன் ஒரு காலத்தில் வடகரையில் பிறந்து வளர்ந்த பெண். பிடித்தவனோடு ஆற்றைக் கடந்து வந்தவளை, கூடப் பிறந்த அண்ணன்மார் துரத்தி வந்து தென்கரை மணலில் வெட்டிப் போட்டார்கள். தென்கரைக்காரர்கள் அவளுக்குப் பீடம் போட்டுக் கும்பிட்டார்கள். ஆண்டுதோறும் நண்பகலில் நடக்கும் உச்சிக் கொடையில் அவள் கதையை வில்லில் பாடுவார்கள். அந்தப் பாட்டில் அவள் சாகும் பகுதி மட்டும் பிறந்த ஊரின் காதில் விழக் கூடாது என்று ஒரு விலக்கு இருந்தது. இது மைக் செட்காரர்களுக்குத் தெரியாது.

"ஆத்துப் பக்கம் குழாய் கட்டாதல" என்று மட்டும் வாப்பா சொல்லி வைத்திருந்தார். காரணம் அவரும் கேட்டுக்கொண்டதில்லை. தண்ணீருக்கு எதற்குப் பாட்டு என்று சிக்கனம் பார்க்கிறார்கள் போலும் என மகன் நினைத்துக்கொண்டார். அந்த ஆண்டு வாப்பாவுக்குக் காய்ச்சல். மகன் தனியாகப் போனார். கூட்டம் கோயில் வளவுக்குள் அடங்காமல் ஆற்று மணல்வரை நின்றது. மணலில் நின்றவர்கள், "ஏலே, இங்கன ஒண்ணும் கேக்கலலே!" என்று சத்தம் போட்டார்கள். நம் ஆள் இயற்பியல் படித்தவர் அல்லவா? தண்ணீர் மேல் ஒலி நன்றாகப் போகும் என்பது அவருக்குப் பாடம். தென்னையில் ஏறி, ஒரு குழாயை ஆற்றைப் பார்க்கத் திருப்பிவிட்டார். மணலில் நின்றவர்களுக்குச் சந்தோஷம். மேளமும் குலவையுமாக இருந்ததில் கோயில் பெரியவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

கதை முடிந்தது. குழாயைக் கழற்ற மரத்தில் ஏறியவர் அக்கரையைப் பார்த்தார். வடகரை ஊரே ஆற்றில் இறங்கி முழுகிக்கொண்டிருந்தது. ஆண்களும் பெண்களும் கட்டிய துணியோடு முழுகினார்கள், ஒருவரும் பேசவில்லை. சில பெண்கள் சமைத்த சோற்றைப் பானையோடு தூக்கி வந்து கரையில் கவிழ்த்தார்கள். மரத்தடியில் நின்ற கோயில் பெரியவர் அண்ணாந்து குழாய் இருந்த திசையைப் பார்த்தார். அவர் திட்டவில்லை. "போயி அவுகளப் பாத்துட்டு வாடே" என்றார்.

அடி விழும் என்ற தீர்மானத்தோடுதான் காசிம் சார் முழங்கால் தண்ணீரில் ஆற்றைக் கடந்திருக்கிறார். முதல் தெருவிலேயே ஒரு வீட்டில் பந்தல் போட்டிருந்தது. அன்றைக்கு நிச்சயதாம்பூலம் நடக்க வேண்டிய வீடு. மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளை எடுத்துக்கொண்டு திரும்பி வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பெண் ஈரத் தலையோடு வாசலில் நின்றாள். பேச்சியம்மாள் என்று பெயர். இவர் கையைக் கூப்பி, "தெரியாமச் செஞ்சிட்டேன். உங்க நல்ல காரியம் என்னால நின்னு போச்சு" என்றார். அந்தப் பெண் கோபப்படவில்லை. "நிச்சயத்த அடுத்த மாசம் வச்சுக்கிடலாம். எங்க புள்ள செத்த சேதி இன்னைக்குல்லா காதுக்கு வந்திருக்கு" என்றாள்.

"கூப்புன கையோட அங்கனயே நின்னுட்டேன் டீச்சர்" என்பார் காசிம் சார். எத்தனையோ தலைமுறைக்கு முன் இறந்தவள். அவளைப் பார்த்தவர்களைப் பார்த்தவர்கள்கூட உயிரோடு இல்லை. அவளுக்காக ஓர் ஊர் இன்றைக்கு ஆக்கிய சோற்றைக் கொட்டுகிறது, தன் வீட்டுப் பெண்ணின் நிச்சயத்தை நிறுத்துகிறது. இதை அவர் எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் குரல் தாழ்ந்துவிடும். இவ்வளவு ஆண்டுகளாகியும் அந்தப் பிரமிப்பு எங்கள் இருவருக்கும் பழகவில்லை.

அடுத்த வாரம் விசா வந்தது. இவர் அதை விட்டுவிட்டு, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரித் தமிழ்த் துறைக்குள் நுழைந்து, கண்ணில் பட்ட ஆசிரியரிடம் நடந்ததைச் சொல்லி, "சார், இத எங்கன போயிப் படிக்கது?" என்று கேட்டார். அவர்தான் பின்னாளில் எங்கள் இருவருக்கும் நெறியாளரானவர். "இதுக்கு நாட்டார் வழக்காற்றியல்னு பேரு. இங்கயே படிக்கலாம். சோறு போடுமான்னு மட்டும் என்கிட்ட கேக்காதீரும்" என்றாராம். வீட்டில் பெரிய ரகளை. "பாட்டுக்குக் குழாய் கட்டுனது பத்தாதுன்னு பாட்டையே படிக்கப் போறியால? சவூதிக்காரன் என்ன, ஒனக்காகக் கதவத் தெறந்து வச்சிக்கிட்டே இருப்பானா?" என்று கேட்ட வாப்பா அதோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். பகலில் படிப்பு, விடுமுறையில் குழாய் என்று இவர் முதுகலையை முடித்தார். பிறகு நானும் அவரும் ஒரே ஆண்டில் ஆய்வுக்குப் பதிவு செய்தோம். நான் இலக்கணம். அவர் அந்த இரண்டு ஊர்கள்.

ஒரு முஸ்லிமுக்குக் கொடையில் என்ன வேலை என்று இரண்டு மதத்தாரும் கேட்டார்கள். அவர் வாதாடவே மாட்டார். "நான் தொழுதுட்டுத்தான் போறேன். படைக்காத சோத்த அவுக தனியா எடுத்து வச்சித் தாராக. அவுகளுக்கும் சங்கடமில்ல, எனக்கும் இல்ல. ஒங்களுக்கு என்னவே சங்கடம்?" என்பார்.

ஆய்வில் அவர் கண்டுபிடித்த ஒன்று எனக்கு இன்றும் வியப்பு. ஒலிபெருக்கி வருவதற்கு முன் வில்லுப்பாட்டு ஆற்றைத் தாண்டிக் கேட்டிருக்கவே முடியாது. அப்படியென்றால் இந்த விலக்கு பழையது அல்ல. குழாய் வந்த பிறகு இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடிப் பேசி வைத்துக்கொண்டது. புதிய கருவி வந்ததும் பழைய துக்கத்துக்குப் புதிதாக ஒரு மரியாதை செய்திருக்கிறார்கள். கருத்தரங்குகளில் யாராவது, நாட்டார் மரபெல்லாம் அழிந்துகொண்டிருக்கிறது என்று கண்ணைக் கசக்கினால் இவருக்குப் பொறுக்காது. "எங்க அழியுது? நீங்க அங்கன போகல. அவ்வளவுதான்" என்பார்.

தென்கரைப் பாட்டு அவரிடம் ஒலிநாடா ஒலிநாடாவாக இருந்தது. வடகரையில் அந்தப் பெண்ணுக்கு ஒரு பாட்டு உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. அது ஒப்பாரி. பெண்கள் மட்டும் பாடுவது. ஊரில் சாவு விழுந்த வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, செத்தவர்களுக்காக அழுத பிறகு அவளுக்காகவும் பாடுவது. அதில்லாமல் ஆய்வு பாதிதான். பேச்சியம்மாளுக்கு அதற்குள் நிச்சயமும் முடிந்து, கல்யாணமும் முடிந்து, மாப்பிள்ளை வடகரைக்கே குடிவந்திருந்தார். காசிம் சார் பேச்சியம்மாளிடம் போய்க் கேட்டார். ஊர்ப் பெண்கள் கூடி யோசித்தார்கள். ஒரு சாவு வீட்டில் அவரை வரச் சொன்னார்கள். "மிஷின அந்தத் தெருவுலயே வச்சிட்டு வாரும் பாய். சுவத்துக்கு அந்தப் பக்கம் இரும். கேட்டுக்கிடும். எழுதப்பிடாது, யாருகிட்டயும் சொல்லப்பிடாது." வாழ்நாளெல்லாம் மைக்கோடு திரிந்த மனிதர், வெறும் காதோடு ஒரு மண்சுவரில் முதுகைச் சாய்த்துக் கேட்டுவிட்டு வந்தார். அடுத்த நாள் நான், "எப்படி இருந்தது?" என்று கேட்டேன். ஒரு வரியாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "சொல்லுதேன்னு வாக்குக் குடுக்கல டீச்சர். சொல்ல மாட்டேன்னுதான் குடுத்திருக்கேன்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஆய்வேட்டில் அந்தப் பாட்டுக்கென்று ஓர் இயல் இருந்தது, பாட்டு இல்லை. நெறியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். வாய்மொழித் தேர்வன்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்டிப்பானவர், ஆனால் நேர்மையானவர். "காசிம், நீர் பொய் சொல்கிறீர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உம்மை இப்படியே விட்டால், நாளைக்கு வருகிற எவனும் ஒரு பாட்டு கேட்டேன், சொல்ல மாட்டேன் என்று எழுதிக்கொண்டு வருவானே, அவனை நான் என்ன சொல்லித் தடுப்பது?" என்று கேட்டார். கேள்வியில் தவறே இல்லை. விசா போயிற்று, வாப்பாவின் பேச்சுப் போயிற்று, இப்போது பட்டமும் போகப் போகிறது. ஒரு வரி சொன்னால் போதும். காசிம் சார் எழுந்து, "ஐயா கேக்கது நியாயம். பட்டம் இல்லேன்னா போகட்டுங்கய்யா. குழாய் இன்னும் வீட்டுலதான் கெடக்கு" என்றார். கசப்பில்லாமல் சொன்னார். விளையாட்டுக்கும் சொல்லவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு யாரும் வரலாம் அல்லவா? வீட்டு விசேஷத்துக்குச் சொல்வதுபோல இவர் இரண்டு ஊரிலும் சொல்லி வைத்திருந்தார். தென்கரைக்காரர்கள் ஒரு வாழைத்தாரோடு வந்து முன்வரிசையை நிரப்பியிருந்தார்கள். பின்வரிசையில் வடகரையிலிருந்து சில பெண்கள். அங்கிருந்து பேச்சியம்மாள் எழுந்தார்.

"ஐயா, பாட்டு இருக்கு. பாய் கேட்டிருக்காரு. நாங்க பாட மாட்டோம்."

"ஏம்மா?" என்றார் தேர்வாளர்.

"செத்த வீட்டுலதானய்யா பாடுவோம். இங்கன யாரு செத்தா?"

தேர்வாளர் பேச்சியம்மாளையும் காசிமையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நெறியாளர் பக்கம் திரும்பி, "ஆதாரம் நேரில் வந்து பேசியது என்று குறித்துக்கொள்ளுங்கள்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கு வாழைப்பழம் சாப்பிடாதவர்கள் துறையில் யாரும் இல்லை. தேர்வாளரும் சாப்பிட்டார். மாலையில் வாப்பா வாசலில் நின்று, "என்னல, முடிஞ்சிட்டா?" என்று கேட்டதாகவும், ஆண்டுக்கணக்கில் பேசாதவர் பேசிய அந்த முதல் சொல்லுக்குப் பட்டம் ஈடாகாது என்றும் காசிம் சார் சொன்னார்.

அதன் பிறகுதான் எங்கள் கல்லூரியில் வேலை கிடைத்தது. பிள்ளைகளுக்கு முதல் பருவத்தில் ஒலிப்பதிவுக் கருவியைத் தொடவிட மாட்டார். "மொதல்ல காதப் பழக்குங்க. மிஷினுக்கு அவசரமில்ல" என்பார். களத்திலிருந்து வந்து, பாட்டு கிடைத்தது என்று துள்ளும் பிள்ளையிடம் அவர் கேட்கும் கேள்வி உங்கள் எல்லோருக்கும் தெரியும்: "குடுத்தாங்களா, எடுத்தியா?" அந்தக் கேள்விக்குப் பயந்து, பாதி ஒலிப்பதிவைத் திரும்பப் போய்க் கேட்டு அனுமதி வாங்கி வந்த மாணவர்களை நான் அறிவேன்.

அவர் இறந்த அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் ஆண்கள் அவரை அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். நான் அவருடைய மனைவி மைமூன் அக்காவோடு உள்ளே இருந்தேன். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வடகரைப் பெண்கள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். பேச்சியம்மாளுக்கு இப்போது தலை முழுக்க நரை. மைமூன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தாயி, செத்த வீட்டுல எங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கு. உங்க மார்க்கத்துக்கு ஆகாதுன்னா சொல்லிருங்க. சும்மா இருந்துட்டுப் போறோம்" என்றார்.

காசிம் சாரின் அக்கா பதறிவிட்டார். "மவுத்து வீட்டுல ஒப்பாரி ஆகாதும்மா."

மைமூன் அக்கா பேச்சியம்மாளின் கையை விடவில்லை. "நாம வைக்கல மதினி. அவுக பாட்ட அவுக பாடுதாக. ஒங்க தம்பி இருந்தா தெருவுல உக்காந்தாவது கேட்டிருப்பாக. சத்தம் வெளிய போகாம கதவ மட்டும் சாத்துங்க" என்றார்.

சாத்தினார்கள். பாடினார்கள். நான் சிறுவயதிலிருந்து சபைப் பாடகர் குழுவில் பாடுகிறவள். பாட்டு எனக்குப் புதிதல்ல. ஆனால் அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. மாரில் அடித்துக்கொள்ளவில்லை, குரலை உயர்த்தவில்லை. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்தார். ஓரிடத்தில் பேச்சியம்மாளின் குரல் உடைந்து நின்றது. மற்றவர்கள் தாங்கிக்கொண்டு போனார்கள். மறுத்த அந்த அக்காவும் துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார்.

வேனருகில் வைத்து, ஏன் அந்த இடத்தில் குரல் போயிற்று என்று பேச்சியம்மாளைக் கேட்டேன்.

"ஒப்பாரின்னா கூடப் பொறந்தவனக் கூப்பிடுவோம்லா டீச்சர்? அந்தப் புள்ளைக்கு எப்படிக் கூப்பிட? வெட்டுனதே அவனுவதான. அதனால அந்த எடம் வந்தா வாயத் தெறக்காம, ஒரு மூச்சு விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருவோம். எங்க ஆத்தாளும் அப்படித்தான், அவ ஆத்தாளும் அப்படித்தான். இன்னைக்கு அங்கன பாயக் கூப்பிட்டோம்."

ஆக, அந்தப் பாட்டை இப்போது நானும் கேட்டுவிட்டேன். காதில் வரிக்கு வரி இருக்கிறது. ஆய்வு மாணவர்கள் வந்து கேட்பார்கள், கெஞ்சுவார்கள், கோபித்துக்கொண்டு பேசாமலும் இருப்பார்கள். இருக்கட்டும். சொல்லாமல் வைத்துக்கொள்ளும் பலத்தை மட்டும் காசிம் சாரிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் இந்த ஒன்றை எழுதாமல் அவரைப் பற்றி நான் எதை எழுத? வேனில் ஏறப் போனவரை நிறுத்தி, "இத மட்டும் எழுதிக்கிடட்டுமா பேச்சி?" என்று கேட்டேன். அவர் ஏறி உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்து, உடன் வந்த பெண்களின் முகங்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எழுதுங்க டீச்சர். அவளுக்கும் ஒரு அண்ணன் கெடச்சிட்டான்னு எழுதுங்க."